தும்பிக்கை தூக்கிய சுழி

எனக்கு அவன் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது. சட்டசபை மெம்பர் என்று இலங்கையின் ஊவா மாகாணம் முழுக்க மாலை போட்ட ஒருவனைப் பற்றி அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி எழுதுகிறான் என்றால், படிக்கிறவர்கள் நாலு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பார்கள். நல்ல வார்த்தையெல்லாம் அவனை எரித்த அன்றைக்கே லுணுகலையில் பேசித் தீர்த்துவிட்டார்கள். என்னிடம் மிச்சமிருப்பது வேறு.

நாங்கள் இரண்டு பேரும் கொஸ்லந்தைப் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். கோப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம். என் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவன் அப்பா சில்லறைக் கங்காணி, அதாவது இருபது ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய் வேலை வாங்குகிறவர். எங்களுக்கு ஓடு போட்ட தனி வீடு இருந்தது. அவர்களுக்கு, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கோடியில் இரண்டு காம்பரா, அதாவது இரண்டு அறை. இந்த வித்தியாசம் எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். அவன் கடைசி வரைக்கும் அது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

பதுளையில் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இங்கிலீஷில் நான் முதல், தமிழில் நான் முதல், கணக்கில் நான் முதல். அவன் எல்லாவற்றிலும் நடுவில் எங்கேயோ இருப்பான். ஆனால் வாத்தியார் வரப் பிந்தினால் பையன்கள் அவனைச் சுற்றித்தான் நிற்பார்கள். முதல் மார்க்கு வாங்கினவனைச் சுற்றி ஒருவனும் நிற்கவில்லை.

எதை எழுதினாலும் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் வீட்டில் பழக்கம். பாதிரியாருக்கு அது ஆகாது. சுழியைக் கண்டால் தாளைக் கிழித்துவிடுவார். எனக்கோ சுழி போடாமல் கை ஓடாது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். சுழியின் வாலை நேராக இழுக்காமல் மேலே தூக்கி, கொடி வளைகிற மாதிரி வளைத்துவிடுவேன். பாதிரியார் அதை ஏதோ அலங்காரம் என்று எண்ணிக்கொண்டார். அவன் மட்டும் எட்டிப் பார்த்துச் சிரிப்பான்.

"ஒன் புள்ளையாரு தும்பிக்கையத் தலைக்கு மேல தூக்கிட்டாருடா மாப்ளே. பாதிரியாரக் கண்டு பயந்துட்டாரு போல" என்பான்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் என் கை அந்தச் சுழியை விடவில்லை. கடிதமோ வீட்டுக் கணக்கோ, தமிழில் எழுதும் எதன் தலையிலும் அதுதான் விழும். அதன் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

படிப்பு முடிந்ததும் எனக்குப் பதுளைக் கச்சேரியில், அதாவது மாகாண அரசாங்க ஆபீஸில், மொழிபெயர்ப்புக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாகாணத்தை ஆளும் வெள்ளைக்காரரை ஏஜண்டு துரை என்போம். தமிழில் வரும் மனுக்களை இங்கிலீஷாக்கி அவர் மேசையில் வைப்பது என் வேலை. அவன் அப்பா காலமாகிவிட்டதால் அவன் தோட்டத்துக்கே திரும்பிப்போய்க் கங்காணியானான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கோட்டுப் போட்டவன் நான், கம்பளி போர்த்தவன் அவன். பொறாமைப்படத் தேவையே இல்லாத அந்த மூன்று நாலு வருஷம்தான் நான் நிம்மதியாக இருந்த காலம்.

அப்போது எனக்குப் பெண் பார்த்தார்கள். லுணுகலைக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்த ஒரு பெரிய கங்காணியின் மகள். அம்மாவும் நானும் மாட்டு வண்டியில் போனோம். அந்தப் பெண் கோப்பி கொண்டுவந்தாள். குனிந்த தலையோடு கொடுத்துவிட்டுப் போகாமல், நேராக என்னைப் பார்த்து, "சீனி போதுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. அம்மாவுக்கு அந்த நிமிஷமே பிடிக்காமல் போய்விட்டது.

"கங்காணி வீட்டுச் சம்பந்தம் நமக்கு வேணாம்ப்பா. அதுவும் இந்த வாய்க்கு" என்றாள் வண்டியில் ஏறியதும்.

பதுளை வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பிறகு சரியாகியிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த வருஷம் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போனேன். "வாங்கண்ணே, சாப்புடுங்கண்ணே" என்று அவளே இலைக்கு முன்னால் வந்து நின்று பரிமாறினாள். அந்த "அண்ணே" எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி நல்லவள். அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது, அதனால் நான் அவளிடம் பேசியதே குறைவு. அவன் வீட்டுக்குப் போனால் கணவனும் மனைவியும் எதையாவது பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அவள் ஒரு யோசனை சொல்வாள், அவன் அதை ஆட்களுக்கு முன்னாலேயே ஒப்புக்கொள்வான். "வீட்டுல சொல்றதுதான் சரி" என்பான். திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவனுக்கு அவள் கிடைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்படி இருக்கத் தெரிந்தது எப்படி என்றுதான் எரியும்.

இனி குடைக் கதை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரரான பெரிய துரையின் பங்களாவுக்கு முன்னால் போகும்போது யாரும் குடை விரிக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதி வைத்த சட்டம் அல்ல, ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். என் அப்பாவும் போனார். அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு நாள் ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்திருக்கிறாள். வராந்தாவில் நின்ற துரை கையை நீட்டிச் சத்தம் போட்டார். அவள் குடையை மடக்கினாள். பங்களா எல்லை தாண்டும்வரை நனைந்துகொண்டே நடந்தாள். அந்த வாரமே காய்ச்சல் வந்தது, பிள்ளை தங்கவில்லை. மழைதான் காரணம் என்று மருத்துவச்சி சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த மறுநாள் காலை அவன் பெரட்டுக்குப் போனான். பெரட்டு என்பது விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவன் மனைவியின் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு துரைக்கு முன்னால் நின்றான்.

"கங்காணி! குடை மடக்கு!" என்று துரை கத்தினார்.

"நனஞ்ச குடைங்க துரை. காயட்டும், மடக்கிர்றேன்" என்றான் அவன்.

மறுநாளும் குடை காய்ந்தது. அதற்கு மறுநாளும் காய்ந்தது. அவனை வெளியே போ என்று சொன்னால் ஆட்கள் எல்லாரும் அவன் பின்னால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அது துரைக்குத் தெரியும். கடைசியில் துரை அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார். அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் யாரும் பங்களாவுக்கு முன்னால் குடை மடக்கவில்லை.

இதை அவன் வெளியில் சொல்லித் திரியவில்லை. பதுளைக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது, "நான் மடக்காம நடந்திருக்கணும், மடக்கிட்டேனே" என்று அழுததையும் சொன்னான். சொல்லிவிட்டு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒருவன், நீயாக இருந்தால் செருப்பையும் சேர்த்துக் கழற்றியிருப்பாய் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது உண்மை என்பதால்தான் எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

வருஷங்கள் போயின. அவன் பெரிய கங்காணியானான், மாமனாரின் தேயிலைத் தோட்டமும் அவன் கைக்கு வந்தது. லுணுகலைக்கே குடிபோனான். நான் அதே மேசையில் அதே மனுக்களை இங்கிலீஷாக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், தோட்டத்துத் தமிழருக்காகச் சட்டசபையில் ஓர் ஆசனம் கொடுக்கப்போகிறார்கள், தேசாதிபதியான கவர்னர் நியமிப்பார், தகுதியான ஒருவர் பேரை அனுப்பும்படி ஏஜண்டு துரையைக் கேட்டிருக்கிறார்கள் என்று கச்சேரியில் பேச்சு அடிபட்டது.

எனக்கும் நப்பாசை இருந்தது, மறைப்பானேன்? வேலையை விட்டுவிட்டால் ஆயிற்று. இங்கிலீஷ் தெரியும், சட்டம் தெரியும். ஒரு நாள் கோப்புகளை வைக்கும்போது ஏஜண்டு துரையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உன்னை விட்டால் என் மனுக்களை யார் படிப்பது?" என்றார். பாராட்டு மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒரு தாளை எடுத்து, லுணுகலையிலிருக்கும் உன் சிநேகிதன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார். நல்லவன் என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தேன். "ஒங்க கூட்டாளிக்குத்தான் கெடைக்கப்போவுதாமே?" என்றாள் என் மனைவி. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் எழுதுகிற மாதிரி எழுதினேன். கடை நானாமார், அதாவது முஸ்லிம் கடைக்காரர்கள், பலருக்கு நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வார்த்தை எனக்கு அத்துபடி. எழுத்துத் தெரிந்துவிடக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். லுணுகலைக் கங்காணி துரைமார்மேல் வஞ்சம் வைத்திருக்கிறார், மனைவி மழையில் நனைந்து, குடையை மடக்கிவிட்டேனே என்று காய்ச்சலில் கிடந்து அழுததற்காகப் பெரட்டில் குடை பிடித்து ஒரு வாரம் துரையை அவமதித்தார், ஆட்களைத் தூண்டிவிட்டார், இப்படிப்பட்டவரைச் சபைக்கு அனுப்பினால் தோட்டங்கள் கெடும், தயவுசெய்து நியமிக்க வேண்டாம். கீழே "பதுளைக் கடைவீதி முஸ்லிம் வியாபாரி" என்று போட்டேன். மறுநாள் வேலையாகப் பண்டாரவளைக்குப் போனபோது அங்கே தபாலில் போட்டேன்.

மூன்றாம் நாள் ஏஜண்டு துரை என்னைக் கூப்பிட்டு அதே கடிதத்தை என் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் இங்கிலீஷில் வேண்டும் என்றார். அது என்னிடம் வரும் என்று எனக்குத் தெரியும். தமிழில் வருவது எல்லாம் என்னிடம்தானே வரும்? மனதுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொண்டுகூட மேசைக்கு வந்தேன். கடிதத்தை விரித்தேன். உச்சியில், நடுவில், அழகாக, தும்பிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என் பிள்ளையார் சுழி உட்கார்ந்திருந்தது.

எப்போது போட்டேன் என்று எனக்குத் தெரியாது. தாளை எடுத்து வைத்ததும் வலது கை தன் பாட்டுக்குப் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பேனாவை இடது கைக்கு மாற்றியிருக்கிறேன். முஸ்லிம் வியாபாரியின் கடிதத்துக்குப் பிள்ளையார் காவல்! கிழிக்க முடியாது, ஏஜண்டு துரையே கையில் கொடுத்தது. மை கொட்டினால் ஏன் கொட்டினாய் என்பார். பிடிபட்டால் வேலை போகும், பென்ஷன் போகும், பதுளையில் தலைகாட்ட முடியாது.

வேறு வழியில்லாமல் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். இங்கே இன்னொரு கூத்து. எனக்கு மோசமாக மொழிபெயர்க்க வராது. என் இங்கிலீஷ் எனக்குப் பெரிய பெருமை. மழையில் அந்தப் பெண் நடந்ததும், வெயிலில் இவன் குடை பிடித்து நின்றதும், "காயட்டும், மடக்கிர்றேன்" என்றதும் இங்கிலீஷில் அவ்வளவு நன்றாக வந்து விழுந்தன. அடிக்கிறேன் என்று உட்கார்ந்தவன் மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே தெரிந்தது, விஷம் எல்லாம் தமிழிலேயே தங்கிவிட்டது.

ஏஜண்டு துரை இரண்டு முறை படித்தார். பிறகு தமிழ்க் கடிதத்தை எடுத்து உச்சியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"பேனா முனை எழுதுகிறதா என்று பார்க்கக் கிறுக்கியிருக்கிறார்கள், சார்" என்றேன். பிள்ளையாரைக் கிறுக்கல் என்று சொன்ன அந்த நாக்கைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தலையில் குட்டிக்கொண்டேன். ஆனால் அவரிடம் அப்படித்தான் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவனை வரவழைத்தார். அவனுக்கு இங்கிலீஷ் தெரிந்தாலும் விசாரணை என்றால் குமாஸ்தா மூலமாகத்தான் என்பது கச்சேரி வழக்கம், அதனால் பேசுவதை மாற்றிச் சொல்ல நானும் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. தமிழ்க் கடிதத்தை அவனிடம் கொடுத்து, இதில் இருப்பது உண்மையா என்று கேட்டார். அவன் வாங்கினான். அவன் கண் முதலில் உச்சிக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு நிதானமாகக் கடைசி வரைக்கும் படித்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உண்மைதாங்க துரை. ஒரே ஒரு பெசகு. ஒரு வாரம்னு எழுதியிருக்காங்க, ஒம்பது நாளுங்க" என்றான்.

அதையும் நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். ஏஜண்டு துரை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். இந்த ஆசனத்துக்காக எத்தனையோ பேர்மேல் புகார் வந்திருக்கிறது, திருடன் என்றும் குடிகாரன் என்றும், இந்த மனுஷனின் எதிரிக்குச் சொல்லக் கிடைத்த ஆகப்பெரிய குற்றமே இதுதான் என்றால் வேறு நற்சான்று எதற்கு என்றார். இதையும் நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. கடிதம் கச்சேரிக்குத் தேவையில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அவன் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் அவன் சட்டசபை மெம்பர்.

பதுளையில் நடந்த வரவேற்பில் மேடையில் ஏறி, "நான் இந்த எடத்துக்கு வந்ததுக்கு ஒருத்தரு காரணம். பேரு சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும்" என்றான். சொல்லிவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னை வைத்து விளையாடப் போகிறான், என்றைக்கு வேண்டுமோ அன்றைக்குப் போட்டுக்கொடுப்பான் என்று புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை இரண்டு சங்கடங்களுக்கு நடுவில் போயிற்று. ஒன்று அவன் உயர்வு, மற்றது என் பயம். சபை கூடும்போது பண்டாரவளை வரை குதிரை வண்டியில் போய் அங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஏறுவான். ரயிலடியில் பெரகலவிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். முதல் பேச்சை எழுதி எனக்கு அனுப்பி, இங்கிலீஷைத் திருத்தித் தரச் சொன்னான். எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தையெல்லாம் போட்டுத் திருத்தினேன். அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சபையில் தன் சொந்த இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசினான். லயத்தில் கூரை ஒழுகுவதை ஒழுகுகிறது என்றே சொன்னான். பத்திரிகையில் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் போட்டார்கள். நான் அதை வரிக்கு வரி படித்தேன், என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அவன் கேட்டதில் பாதிகூடச் சபையில் நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். துரைமாரின் மெம்பர்கள் எழுந்து நின்று ஒன்று சொன்னால் இவன் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். சில முறை சோர்ந்துபோய்த் திரும்பி வருவான். பதுளையில் இறங்கி என் வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் நடக்கல மாப்ளே" என்பான். அப்போது எனக்கு உடம்பெல்லாம் குளிரும். உடனே, "அடுத்த தடவயும் கேப்பேன்" என்பான். எனக்கு மறுபடியும் காந்தும். தோற்றுவிட்டு இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறவனை நான் பார்த்ததில்லை.

கொழும்பிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுவான். அவன் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் உச்சியிலும் தும்பிக்கை தூக்கிய சுழி இருக்கும். அவனுடைய சுழி அல்ல, என்னுடையது. பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பான். ஞாபகம் இருக்கட்டும் என்று மிரட்டுகிறான் என்று கடிதத்தை மடித்து விளக்கில் காட்டுவேன். தீபாவளிக்கு எனக்கு வேட்டியும் என் மனைவிக்குச் சேலையும் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் வரும். "எவ்வளவு பிரியம் பாருங்க" என்பாள் என் மனைவி. அந்த வேட்டியை நான் உடுத்தவில்லை. வாயை அடைக்கத் தருகிறான் என்றும் சொல்ல முடியாது, வாய் திறக்க வேண்டியவன் அவன்தானே! என்னை ஏன் பிடித்துக் கொடுக்கமாட்டேன் என்கிறான் என்பதே எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு நான் வீட்டோடு இருந்த காலத்தில் சபை மாறியது, வாக்குச் சீட்டு வந்தது. அவன் நிற்கவில்லை. நெஞ்சு வலி. லுணுகலையில் தேயிலைக்கு நடுவிலிருந்த அந்த வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். அவன் மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"மாப்ளே, ஒரு விஷயம் இத்தன வருஷமா ஒங்கிட்ட நேரா பேசல" என்றான். நான் கோப்பியைக் கீழே வைத்தேன். "அந்தக் கடுதாசி."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு மனுஷன் மூளைன்னா அதுதான்டா! நானே போயி கொடக் கதையச் சொல்லியிருந்தா, பெருமையடிக்கிறான்னு ஏஜண்டு நெனச்சிருப்பாரு. நீ சொல்லியிருந்தா, கூட்டாளிக்குப் பேசுறான்னு நெனச்சிருப்பாரு. கடை நானா பேருல, அதுவும் இவன் வேணாம்னு எழுதுன பாரு! நான் பாத்தா தெரிஞ்சுக்கணும்னு தும்பிக்கையத் தூக்கி வேற வச்சிருந்த. அன்னைக்கு ஒன்னயத் திரும்பிப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும்னுதான் பாக்கல. என்ன சபையில ஒக்கார வச்சது நீதான்டா. வெளியில சொன்னா ஒன் வேலைக்கு மோசம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சுழியப் போட்டாவது நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன், புரிஞ்சுதா?"

அவன் கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டான். இல்லை, உன்னைக் கெடுக்கத்தான் எழுதினேன் என்று சொல்ல அது ஒன்றுதான் சமயம். வாயைத் திறந்தேன்.

"கோப்பி ஆறிப்போவுதுண்ணே, குடிங்க" என்றாள் அவன் மனைவி.

குடித்தேன். லுணுகலைக்கு வண்டியில் போய் வாய் திறக்காமல் திரும்பி வந்தது இது இரண்டாவது முறை.

ஒரு மாதத்தில் அவன் போய்விட்டான். அவ்வளவு கூட்டம் லுணுகலை பார்த்ததில்லை. தோட்டம் தோட்டமாக ஆட்கள் வந்தார்கள், அடை மழை, அத்தனை பேரும் குடையையும் கம்பளியையும் பிடித்துக்கொண்டு துரைமார் பங்களாக்களுக்கு முன்னாலேயே நடந்து வந்தார்கள். எனக்கு அந்தச் சாவின்மேலும் பொறாமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு நாலு பிள்ளைகள், அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்காக அழுகிறவர்களை எண்ண முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புறப்பட்டபோது அவள் உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகி, உச்சியில் சுழியோடு இருந்தது.

"இது ஒங்களுதுதானேண்ணே?"

"ஆமாம்மா" என்றேன்.

"அவரு அன்னைக்கு இதக் கொண்டாந்து ஆசையாக் காட்டுனாரு. கூட்டாளி எனக்காக எழுதுனதுன்னாரு. நான் படிச்சேன். எனக்கு ஒரே வாசிப்புல புரிஞ்சுபோச்சு." அவள் குரல் உயரவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தாள். "நான் காய்ச்சல்ல கெடந்து அழுதத ஒங்ககிட்ட மட்டுந்தான் அவரு சொல்லியிருக்காரு. அதையும் சேர்த்து எழுதுற மனசு எப்புடிண்ணே வந்துச்சு?"

நான் கடிதத்தை மறுபடி மடித்தேன்.

"அவருகிட்ட நான் சொல்லல. ஊரே அவரச் சுத்தி நின்னாலும் கூட்டாளின்னு அவரு சொன்னது ஒங்க ஒருத்தரத்தான். அத அவருகிட்டருந்து பிடுங்க எனக்கு மனசு வரல. அன்னைக்கு நீங்க வாயத் தெறந்தப்பகூட அதனாலதான் கோப்பியக் குடிக்கச் சொன்னேன். இனி இது இங்க இருக்க வேணாம், கொண்டுபோயிருங்க."

வெளியே மழை விடவில்லை. வாசலில் அவளுடைய குடை சாய்த்து வைத்திருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டி நிற்கும் இடம்வரை நனைந்துகொண்டே நடந்தேன்.

அதை நான் எரிக்கவில்லை. இதை எழுதும்போதும் மேசையில் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். தனக்காக வேலையையும் பென்ஷனையும் பணயம் வைத்து, பேரைக்கூட வெளியில் சொல்லாமல் தன்னைத் தூக்கிவிட்ட ஒரு கூட்டாளி இருக்கிறான் என்று நம்பிக்கொண்டே அவன் கண்ணை மூடினான். அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்ள ஒரு மனைவியும் இருந்தாள். அவனுக்குக் கிடைத்ததிலெல்லாம் எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் அந்தக் கூட்டாளியின்மேல் படுகிற அளவுக்கு வேறு எதன்மேலும் பட்டதில்லை. எனக்கு அப்படி ஒருவன் இருந்ததில்லை.